முகம் தெரியாதவரிடம் உதவி கேட்பது எப்படி?

நேற்று இரவு வரை நன்றாக ஓடிய லேப்டாப். காலையில் அப்டேட் முடித்துத் திறந்தால் வைஃபை சின்னத்தையே காணோம். தெருமுனை சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், லினக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே கடைக்காரர், “ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாமா சார்?” என்பார். வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ஃபெடோரா என்று எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) ஆனாலும் வீட்டுப் பயனாளருக்கென்று கட்டணமில்லாத் தொலைபேசி எண் கிடையாது. காசு கொடுத்தால் நிறுவனங்கள் உதவும். அது பெரும்பாலும் அலுவலகங்களுக்கான ஏற்பாடு. நமக்கு இருப்பவர்கள் தன்னார்வலர்கள். வேலை முடிந்து வந்து, காபி ஆறுவதற்குள் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டுப் போகிறவர்கள். லினக்ஸே அப்படிப்பட்டவர்கள் நடுவில் பிறந்ததுதான். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனாளர்கள் கூடும் யூஸ்நெட் குழுவில், தான் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகச் சொல்லி, மினிக்ஸில் உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டார். அந்தப் பதிவு இன்றைய லினக்ஸின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் அடிப்படை ஒன்றே: பதில் சொல்பவருக்கு உங்கள் திரை தெரியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தத் திரையை அவர் கண்முன் கொண்டுபோய் வைக்கும் வேலைதான்.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. இந்நூலில் அவற்றை எழுத்தெழுத்தாகத் தமிழில் தருகிறேன். நீங்கள் டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், நடுவில் இடைவெளி விடாமல் தட்டச்ச வேண்டும். எழுத்துகளுக்கு நடுவில் வரும் கோடுகளைத் தட்டச்ச வேண்டாம். இடைவெளியோ சிறுகோடோ தேவைப்படும் இடத்தைத் தனியாகச் சொல்வேன்.

## பகுதி 1: கேட்பதற்கு முன்

1. கையை எடுங்கள். பதற்றத்தில் யூடியூபில் கண்ட பத்து வைத்தியத்தையும் ஒரே மூச்சில் செய்து பார்ப்பவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு முதல் நோய் எது, வைத்தியத்தால் வந்த நோய் எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

2. ஒரு நோட்டை எடுங்கள். கடைசியாக எப்போது சரியாக வேலை செய்தது? அதற்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாறியது? அப்டேட், புதிய மென்பொருள், புதிய பிரிண்டர், கரண்ட் போய் வந்தது என எதையும் விடாமல் எழுதுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

3. ஒருமுறை மட்டும் மறுதொடக்கம் செய்யுங்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்குப் பின் மறுதொடக்கம் செய்யாததாலேயே சில கோளாறுகள் வருவதுண்டு.

4. கோப்புகளைக் காப்பாற்றுங்கள். கணினி திறக்கிறது என்றால் முக்கியமானவற்றை இப்போதே வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுங்கள். திறக்கவில்லை என்றால், வேறொரு கணினியில் உபுண்டு அல்லது மின்ட்டின் லைவ் பென்டிரைவ் தயாரித்து அதிலிருந்து பூட் செய்து படியெடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் பாஸ்வேர்டு கையில் இருக்க வேண்டும்.

5. கோளாறைச் சுற்றி வேலி போடுங்கள். நான்கு சோதனைகள் போதும்:

- புதிய பயனர் கணக்கு: புதிதாக ஒரு கணக்கு தொடங்கி நுழையுங்கள். அங்கே சரியாக இருந்தால், கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது.
- பழைய கெர்னல்: கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையையோ, பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையையோ பயன்படுத்தினால் கிரப் மெனு வரும். அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாக முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் வைஃபை வந்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.
- லைவ் பென்டிரைவ்: நிறுவாமலேயே இயக்கிப் பாருங்கள். அதில் வேலை செய்தால் வன்பொருள் பழுதில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.
- வேறு இணைப்பு: வைஃபை வராவிட்டால் செல்போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து ‘டெதரிங்’ போடுங்கள். உதவி தேட இணையமும் கிடைக்கும், கோளாறு வைஃபையோடு நிற்கிறதா என்பதும் தெரியும்.

6. தேடுங்கள். பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். உங்கள் பயனர் பெயர், கோப்புப் பெயர் போன்ற உங்களுக்கே உரிய சொற்களை நீக்கிவிட்டு, டிஸ்ட்ரோவின் பெயரையும் பதிப்பையும் சேருங்கள். கிடைத்த பதிலின் தேதியைப் பாருங்கள். 2012-இல் எழுதிய தீர்வு இன்றைய கணினியைக் கெடுக்கக்கூடும். ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்தாதவர்களும் ஆர்ச் விக்கியைப் படிக்கலாம். விளக்கம் பெரும்பாலும் எல்லாருக்கும் பொருந்தும், மென்பொருளை நிறுவும் கட்டளை மட்டும் பொருந்தாது.

> உதவிக்குறிப்பு: உங்கள் டெஸ்க்டாப் தமிழில் இருந்தால் பிழைச் செய்தியும் தமிழில் வரலாம். அதைத் தேடினால் எதுவும் அகப்படாது. கட்டளைக்கு முன்னால் எல், சி, அடிக்கோடு, ஏ, எல், எல், சமக்குறி, சி ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டுக் கட்டளையைத் தாருங்கள். இங்கே மட்டும் எழுத்துகள் அனைத்தும் பெரிய எழுத்துகள். அந்த ஒருமுறை மட்டும் செய்தி ஆங்கிலத்தில் வரும். டெஸ்க்டாப் தமிழிலேயே இருக்கும்.

## பகுதி 2: விவரம் திரட்டுதல்

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “சவுண்ட் வரவில்லை. அவசரம்.” மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒருவர் வந்து ஏழு கேள்விகள் கேட்டார். எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று வரிசையாக. மூன்றாவதற்கு விடை தேடி ஒலி அமைப்பைத் திறந்தபோதே குட்டு வெளிப்பட்டது. கேள்வி கேட்டதற்கு முந்தின நாள் டிவியில் படம் பார்க்க எச்டிஎம்ஐ கேபிள் செருகியிருந்தேன். ஒலி வெளியீடு அங்கேயே தங்கிவிட்டது. ஆக, விவரம் திரட்டுவது அவருக்காகச் செய்யும் சடங்கு இல்லை. பல நேரங்களில் அதிலேயே விடை அகப்பட்டுவிடும்.

திரட்ட வேண்டியவை:

1. டிஸ்ட்ரோவும் பதிப்பும். ‘லினக்ஸ்’ என்று மட்டும் சொல்வது, ‘வண்டி ஓடவில்லை’ என்று மெக்கானிக்கிடம் சொல்வதற்குச் சமம். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் ‘உபுண்டு 24.04’ என்பதுபோல் முழுப்பெயர் இருக்கும். கினோம், கேடிஇ, சின்னமன் என்று எந்த டெஸ்க்டாப் என்பதையும் குறியுங்கள்.
2. கெர்னல் எண். டெர்மினலில் யு-என்-ஏ-எம்-இ, ஓர் இடைவெளி, சிறுகோடு, ஆர்.
3. உள்ளே பொருத்திய வன்பொருள். எல்-எஸ்-பி-சி-ஐ, ஓர் இடைவெளி, சிறுகோடு, என்-என்-கே. வைஃபை, கிராஃபிக்ஸ், ஒலி ஆகியவற்றின் சிப் பெயரும் அதை இயக்கும் டிரைவரும் இதில் தெரியும். வரியின் கடைசிப் பகுதியில் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளியோடு நான்கு நான்காக எட்டு எழுத்தெண்கள் இருக்கும். அதுதான் சிப்பின் உண்மையான அடையாளம். தேடுவதற்கு லேப்டாப்பின் மாடல் பெயரைவிட அது உதவும்.
4. யுஎஸ்பி சாதனங்கள். எல்-எஸ்-யு-எஸ்-பி. வெளியிலிருந்து செருகும் வைஃபை டாங்கிள், வெப்கேம், பிரிண்டர் இதில் வரும்.
5. பதிவேடு. ஜே-ஓ-யு-ஆர்-என்-ஏ-எல்-சி-டி-எல், ஓர் இடைவெளி, சிறுகோடு, பி. இப்போதைய பூட்டில் நடந்ததெல்லாம் இதில் இருக்கும். கணினி உறைந்துபோய் மறுதொடக்கம் செய்திருந்தால், இன்னோர் இடைவெளி விட்டுச் சிறுகோடும் 1-உம் சேருங்கள். முந்தைய பூட்டின் பதிவு வரும். கோளாறு நடந்த நேரத்தைச் சுற்றியுள்ள வரிகள் போதும், பத்தாயிரம் வரியையும் அனுப்ப வேண்டாம்.

லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் எளிது. கணினி விவரங்களை ஒருசேரத் தொகுத்துத் தரும் செயலி மெனுவிலேயே உண்டு, நகலெடுக்கும் பொத்தானோடு.

> உதவிக்குறிப்பு: டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பழக்க தோஷத்தில் கன்ட்ரோலும் சி-யும் மட்டும் அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை நின்றுவிடும்.

திரையைச் செல்போனில் படம் பிடித்துப் போடாதீர்கள். படத்திலிருந்து எழுத்தை எளிதில் நகலெடுக்க முடியாது, தேடியிலும் சிக்காது, பார்வைக் குறைபாடு உள்ளவருக்குப் பயன்படாது. எழுத்தாகத் தர முடிந்ததை எழுத்தாகவே தாருங்கள். கணினி பூட் ஆகாமல் கருப்புத் திரையில் நின்றுவிட்டால் மட்டும் படம் எடுக்கலாம்.

### வெளியிடும் முன் கத்தரிக்க வேண்டியவை

நீங்கள் போடும் பதிவு ஊர் பார்க்கும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். பதிவேட்டில் உங்களைக் காட்டிக்கொடுக்கும் விவரங்கள் ஒளிந்திருக்கும்:

- கணினியின் வரிசை எண், மேக் முகவரி, வெளி ஐபி முகவரி
- வைஃபையின் பெயர் (ரூட்டரின் பெயரையும் மேக் முகவரியையும் வைத்து வீடு இருக்கும் இடத்தையே கண்டுபிடிக்கும் சேவைகள் உண்டு)
- முழுப்பெயரில் வைத்த பயனர் பெயர், கோப்புறைப் பெயர்கள்

இவற்றை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘நீக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். அழித்த சுவடே தெரியாமல் அழித்தால் உதவ வருபவர் குழம்புவார். பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் தனிச்சாவி, நெட்வொர்க் மேனேஜரின் இணைப்புக் கோப்பு ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட வேண்டாம். கடைசியில் சொன்ன கோப்பில் வைஃபை பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே இருக்கக்கூடும்.

## பகுதி 3: எங்கே கேட்பது?

பொதுவிதி: உங்கள் டிஸ்ட்ரோவின் அதிகாரபூர்வத் தளத்தில் ‘சப்போர்ட்’ அல்லது ‘கம்யூனிட்டி’ என்ற இணைப்பிலிருந்து தொடங்குங்கள். தேடியில் முதலில் வந்த இடம் சரியான இடமாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி, ஒரு தெளிவான விடை என்றால்: உபுண்டுவுக்கு ‘ஆஸ்க் உபுண்டு’. இது அரட்டை இடமில்லை. கேள்வியும் விடையும் மட்டும்தான். உபுண்டுவும் குபுண்டு, லுபுண்டு போன்ற அதன் அதிகாரபூர்வக் கிளைகளும் மட்டுமே இங்கே ஏற்கப்படும். உபுண்டுவை வைத்து உருவானதுதான் என்றாலும் மின்ட் பற்றிய கேள்வி இங்கே மூடப்படும். மின்ட்டுக்கு அதன் சொந்தச் சமூகம் இருக்கிறது. எந்த டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான கேள்விக்கு ‘யூனிக்ஸ் அண்டு லினக்ஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்’ உண்டு.

முன்னும் பின்னும் பேசிப் பார்க்க வேண்டியது என்றால்: உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் டிஸ்கோர்ஸ் களங்கள், மின்ட் சமூகம், டெபியன் பயனர் மடல் குழு. மடல் குழுவில் எழுதியது பொதுக் காப்பகத்தில் நிலைத்துவிடும், பிறகு அழிக்கக் கேட்டாலும் எளிதில் நடக்காது.

உடனடியாகப் பேச வேண்டும் என்றால்: ஐஆர்சி அல்லது மேட்ரிக்ஸ் அரட்டை அறைகள். 2021-இல் பழைய ஃப்ரீநோடிலிருந்து பெரும்பாலான திட்டங்கள் லிபெரா சாட்டுக்குக் குடிபெயர்ந்தன. பழைய கட்டுரை எதிலாவது ஃப்ரீநோடுக்குப் போகச் சொல்லியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். அறைக்குள் நுழைந்ததும் “ஒரு சந்தேகம் கேட்கலாமா?” என்று அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் நேரே கேள்வியைப் போடுங்கள். நீளமான பதிவேட்டை அறையில் கொட்டாமல், பேஸ்ட்பின் தளம் ஒன்றில் ஏற்றி இணைப்பை மட்டும் தாருங்கள். பதில் வர அரைமணி நேரம்கூட ஆகலாம், கேட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

தமிழில் பேச வேண்டும் என்றால்: சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய ஊர்களின் பெயரில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. 2012 ஜனவரியில் மின்னிதழாகத் தொடங்கிய ‘கணியம்’ கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறது. பிரச்சினையை எப்படி விவரிப்பது என்றே தெரியாதவர்கள் முதலில் இங்கே பேசித் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

உங்கள் பதிப்புக்கு இன்னும் ஆயுள் இருக்கிறதா? கேட்கும் முன் இதைப் பாருங்கள். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், 5 ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதங்கள்தான். காலாவதியான பதிப்பைப் பற்றிக் கேட்டால், “முதலில் மேம்படுத்துங்கள்” என்ற பதில்தான் வரும். ஹேக்கிங் ஆசையில் முதல் லினக்ஸாகக் காளி லினக்ஸைப் போட்டவர்களுக்கும், “முதலில் வேறு டிஸ்ட்ரோவுக்கு மாறுங்கள்” என்ற பதில்தான் வரும். அது பாதுகாப்புச் சோதனை செய்யும் தொழில்முறையாளர்களுக்கானது, லினக்ஸ் பழகுவோருக்கு ஏற்றதில்லை என்று அதன் ஆவணங்களே சொல்கின்றன.

## பகுதி 4: கேள்வியை எழுதுதல்

### தலைப்பு

தலைப்பைப் பார்த்துத்தான் உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். என்ன கோளாறு, எந்தப் பொருளில், எப்போதிலிருந்து என்ற மூன்றும் அதில் இருக்கட்டும்.

- இப்படி வேண்டாம்: “அவசரம்!!! வைஃபை வேலை செய்யவில்லை, யாராவது உதவுங்கள்”
- இப்படி எழுதலாம்: “உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாறியபின் வைஃபை காணவில்லை, பழைய கெர்னலில் வேலை செய்கிறது”

‘அவசரம்’ என்ற சொல் உங்களுக்கு உண்மை. எங்கோ இருந்து இலவசமாகப் பதில் சொல்பவருக்கு அது அதிகாரமாகத் தொனிக்கும்.

### உடல்: ஆறு பகுதிகள்

1. என்ன செய்ய விரும்புகிறீர்கள்?
2. என்ன செய்தீர்கள்? வரிசைப்படி.
3. என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?
4. உண்மையில் என்ன நடந்தது? பிழைச் செய்தி சொல் மாறாமல்.
5. கணினி விவரம். பகுதி 2-இல் திரட்டியது.
6. இதுவரை முயன்றவையும் அவற்றின் விளைவும். செயற்கை நுண்ணறிவு சாட்பாட் சொன்ன கட்டளைகளை ஓட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாத தெரிவுகளையும் இருப்பதுபோல் அவை நம்பிக்கையோடு சொல்லிவிடும். எதனால் என்ன மாறியது என்று தெரிந்தால்தான் முடிச்சை அவிழ்க்க முடியும்.

மாதிரி ஒன்று:

> “வீட்டு வைஃபையில் இணைய விரும்புகிறேன். நேற்று உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு மேம்படுத்தினேன். பிழை எதுவும் வராமல் முடிந்தது. மறுதொடக்கத்துக்குப் பின் செட்டிங்ஸில் ‘வைஃபை அடாப்டர் இல்லை’ என்று வருகிறது. 6.8 கெர்னலில் இப்படி, கிரப் மெனுவிலிருந்து பழைய 5.15 கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை வருகிறது. 24.04 லைவ் பென்டிரைவிலும் வரவில்லை. செல்போன் டெதரிங் வேலை செய்கிறது. ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பட்டியல் காலியாக உள்ளது. சிப் விவரமும் பதிவேட்டின் தொடர்புடைய 20 வரிகளும் கீழே. புதிய கெர்னலில் வைஃபையை வரவைக்க அடுத்து எதைச் சோதிக்க வேண்டும்?”

இதைப் படிக்கும் அனுபவசாலி, கோளாறு கெர்னலின் டிரைவரில் இருக்கிறது என்று அரை நிமிடத்தில் ஊகிப்பார். உங்கள் லேப்டாப்பை அவர் தொட்டதே இல்லை.

### நோக்கத்தைக் கேளுங்கள், வழியை அல்ல

“2010-இல் வந்த இந்தத் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உபுண்டு 24.04-இல் எப்படி நிறுவுவது?” என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய நூலகக் கோப்புகள் இல்லை, அதைத் தேடு, இதைத் தொகு என்று நாலு நாள் ஓடும். அவருக்கு உண்மையில் வேண்டியது தமிழ்99 விசைப்பலகை. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 அதிலேயே இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. நீங்களாகவே ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு, அந்த வழியில் உள்ள முள்ளைப் பற்றி மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். போய்ச் சேர வேண்டிய இடத்தை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

### ஆங்கிலம் தடையாக இருந்தால்

பெரிய சமூகங்களில் பேச்சு ஆங்கிலத்தில்தான். இலக்கணப் பிழைக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, ஏனென்றால் பதில் சொல்பவர்களில் பலருக்கும் அது தாய்மொழி இல்லை. முதலில் தமிழில் மேற்கண்ட ஆறு பகுதிகளையும் எழுதுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் மாற்றுங்கள். மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால், கட்டளையையும் பிழைச் செய்தியையும் அதற்குள் போடாதீர்கள், சிறுகோட்டையும் புள்ளியையும் அது மாற்றிவிடக்கூடும். “ஆங்கிலம் தெரியாததற்கு மன்னிக்கவும்” என்று நான்கு வரி எழுதுவதற்குப் பதில், அந்த இடத்தில் கெர்னல் எண்ணை எழுதலாம்.

## பகுதி 5: கேட்ட பிறகு

1. நேரம் பாருங்கள். நம் நேரம் கிரீன்விச்சைவிட 5.30 மணி முன்னால் ஓடுகிறது. இங்கே மாலை 6 முதல் 10 வரை ஐரோப்பாவில் பிற்பகல், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை. இரு கண்டமும் விழித்திருக்கும் இந்த நேரம் கேள்வி போட ஏற்றது. நம் காலை 8 மணிக்குப் போட்டால் ஐரோப்பா தூங்கிக்கொண்டிருக்கும்.
2. ஒரு நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால், “யாரும் இல்லையா?” என்று கேட்காமல் புதிய விவரம் ஒன்றைச் சேருங்கள். கேள்வி தானாக மேலே வரும், பார்ப்பவருக்கும் புதிய துப்பு கிடைக்கும்.
3. கேட்டதைக் கேட்டபடி தாருங்கள். ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கேட்டால் முழுவதையும் ஒட்டுங்கள். “ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை” என்பது பதிலில்லை. ஆஸ்க் உபுண்டுவில் புதிய விவரத்தைக் கேள்வியைத் திருத்திச் சேர்க்க வேண்டும். விடைப் பெட்டியில் எழுதினால் நீக்கிவிடுவார்கள்.
4. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மூவர் மூன்று வழி சொன்னால், எந்த வழியில் போகிறீர்கள் என்று அறிவித்துவிட்டு அதை மட்டும் செய்து முடிவைச் சொல்லுங்கள்.
5. சுருக்கமான பதிலைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “ஆவணத்தின் இந்தப் பகுதியைப் படியுங்கள்” என்று இணைப்பு கொடுத்தால் அதுவும் உதவிதான். படித்துவிட்டு, புரியாத வரியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உண்மையிலேயே யாராவது தரக்குறைவாகப் பேசினால் பதிலுக்குப் பேசாமல் நடத்துநர்களிடம் முறையிடுங்கள். பெரிய திட்டங்களில் நடத்தை விதிகள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

## பகுதி 6: பதிலைச் செயல்படுத்தும் முன் — பாதுகாப்பு

‘சூடோ’ என்று தொடங்கும் எந்தக் கட்டளையும் வீட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது போன்றது. (பல டிஸ்ட்ரோக்களில் பாஸ்வேர்டு தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது. அது கோளாறில்லை, வடிவமைப்பே அப்படி.) ஓட்டும் முன்:

1. கட்டளையின் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று பாருங்கள். எம்-ஏ-என், ஓர் இடைவெளி, கட்டளையின் பெயர் என்று தட்டினால் கையேடு திறக்கும். கியூ விசை அதை மூடும்.
2. இன்னும் ஒருவராவது அதை ஆமோதித்திருக்கிறாரா என்று பாருங்கள். பொது இடத்தில் கேட்பதன் பெரிய பலனே இதுதான். தவறான பதிலை மற்றவர்கள் உடனே திருத்துவார்கள்.
3. மாற்றப்போகும் அமைப்புக் கோப்பைப் படியெடுத்துவையுங்கள். பின்வாங்குவது எப்படி என்றும் கேளுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்:

- ஆர்-எம் என்பதோடு சிறுகோடும் ஆர், எஃப் எழுத்துகளும்: கேள்வி கேட்காமல் கோப்புறையோடு அழிக்கும். தவறான இடத்தில் ஓர் இடைவெளி விழுந்தாலே போதும், பல ஆண்டுக் கோப்புகள் போய்விடும்.
- டி-டி: ஹார்ட் டிஸ்க்கை நேரடியாக எழுதும் கருவி. ஒரே ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்குப் பதில் உங்கள் டிஸ்க் அழியும்.
- 777 என்ற அனுமதி எண்ணை எல்லாக் கோப்புறைகளுக்கும் போடச் சொல்வது: பூட்டைச் சரிசெய்யக் கதவையே கழற்றும் வைத்தியம்.
- இணையத்திலிருந்து ஒரு நிரலை இறக்கி, படிக்காமலேயே நேரடியாக ஓட்டும் ஒற்றை வரி.
- முக்காற்புள்ளியும் அடைப்புக்குறிகளுமாக, சொல்லே இல்லாத வினோத வரி: கணினியை மூச்சுத் திணறவைக்கும் பழைய விஷமம் இது.
- முன்பின் தெரியாத பிபிஏ களஞ்சியம்: யார் வேண்டுமானாலும் பிபிஏ தொடங்கலாம். அதிலிருந்து வரும் மென்பொருள் முழு அதிகாரத்தோடு நிறுவப்படும்.

தனிச்செய்தியில் வரும் ‘நிபுணர்கள்’. கேள்வி போட்ட சில நிமிடங்களில், “நான் சப்போர்ட் குழு, உங்கள் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைந்து சரிசெய்கிறேன்” என்று யாராவது தனியே எழுதினால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்வது, ஓடிபி கேட்பது, முன்பணம் கேட்பது எல்லாம் ஒரே கூட்டம். “பொதுவிலேயே பேசலாம்” என்று ஒரு வரி எழுதுங்கள். நல்லவர் பொதுவில் வருவார், மற்றவர் காணாமல் போவார்.

## பகுதி 7: பிழை மென்பொருளில்தான் என்றால்

பலரும் பார்த்துவிட்டு, “இது உங்கள் தவறில்லை, பக்” என்றால் முறைப்படி பிழை அறிக்கை தாருங்கள். உபுண்டுவில் ‘உபுண்டு’, சிறுகோடு, ‘பக்’ என்ற கட்டளையோடு ஓர் இடைவெளி விட்டுத் தொகுப்பின் பெயரைத் தந்தால், தேவையான விவரங்களை அதுவே திரட்டி லாஞ்ச்பேடில் பதியும். டெபியனில் ‘ரிப்போர்ட்பக்’ என்ற கருவி மடல் வழியே அதைச் செய்யும். அனுப்பும் முன் அதே பிழையை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் புதிதாகத் தொடங்காமல், உங்கள் வன்பொருள் விவரத்தை அங்கேயே சேருங்கள். மீண்டும் வரவைக்கும் வழி தெளிவாக உள்ள அறிக்கைதான் நிரலாளருக்குப் பயன்படும்: முதலில் இதை அழுத்தினேன், பிறகு இதை, அப்போது இது நடந்தது.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களில் போடுவது. ஓரிடத்தில் தீர்ந்த பிறகும் நான்கு இடங்களில் யாராவது வீணாக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள்.
- வேறொருவரின் பழைய கேள்விக்குக் கீழே, “எனக்கும்தான்” என்று நுழைவது. அறிகுறி ஒன்றாக இருக்கலாம், நோய் வேறாக இருக்கும். புதிய கேள்வி தொடங்கி, பழையதன் இணைப்பைக் கொடுங்கள்.
- ஒரே பதிவில் வைஃபை, பிரிண்டர், தமிழ் எழுத்துரு என மூன்று கோளாறுகளைச் சேர்ப்பது.
- “விண்டோஸில் இதெல்லாம் தானாக நடக்கும்” என்ற புலம்பலோடு தொடங்குவது.
- பதில் சொன்னவருக்கே தனிச்செய்தி அனுப்பி அடுத்தடுத்த சந்தேகங்களைக் கேட்பது.

## கடைசிப் படி: முடித்துவைத்தல்

கோளாறு தீர்ந்ததும் பெரும்பாலோர் செய்யும் தவறு, அப்படியே மறைந்துவிடுவது. அல்லது, “சரியாகிவிட்டது, நன்றி” என்ற ஒரே வரி. எப்படிச் சரியானது? அதைச் சொல்லாமல் போனால், இரண்டு ஆண்டு கழித்து இதே சிப்போடு, இதே பிழைச் செய்தியைத் தேடி வரும் ஒருவர் அந்த வரியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொள்வார்.

1. தீர்வை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள்: காரணம் என்ன, எந்த மாற்றம் சரிசெய்தது, எந்தக் கெர்னலில் சோதித்தீர்கள்.
2. நீங்களாகவே கண்டுபிடித்திருந்தாலும் எழுதுங்கள். ஆஸ்க் உபுண்டுவில் சொந்தக் கேள்விக்குச் சொந்தமாக விடை தருவது ஏற்கப்பட்ட வழக்கம்.
3. உதவிய விடையைப் பச்சை டிக் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேருங்கள்.
4. அதே தீர்வைத் தமிழிலும் ஒரு பத்தி எழுதி எங்காவது வையுங்கள். தமிழில் தேடுபவருக்கு இன்று கிடைப்பது குறைவு.
5. உங்கள் நோட்டிலும் குறித்துவையுங்கள். அடுத்த பெரிய மேம்படுத்தலில் அதே கோளாறு திரும்பி வரலாம்.

ஆறு மாதம் கழித்து, புதியவர் ஒருவர், “வைஃபை வரவில்லை, அவசரம்” என்று எழுதியிருப்பார். அவர் திரை உங்களுக்குத் தெரியாது. “எந்த டிஸ்ட்ரோ, எந்தக் கெர்னல்?” என்று நீங்களே கேட்டுத் தொடங்குங்கள்.